கவலைக் குழம்பும் சாளைக் குழம்பும்

நானும் உன் அப்பாவும் நலம். நீ நலமா என்று கேட்கப் போவதில்லை. போனில் உன் குரலைக் கேட்டாலே தெரிகிறது, நன்றாகத்தான் இருக்கிறாய். என் சந்தேகமே அதில்தான் ஆரம்பிக்கிறது. மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டு, வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறிக்கொண்டு, தனியாக ரூம் எடுத்து இருக்கிற பையன் இவ்வளவு தெம்பாகப் பேச மாட்டான். ஒரகடத்தில் கம்பெனி கேன்டீனில் பதினோரு வருஷம் சமைத்தவள் நான். வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிற பையன் யார், மெஸ் சாப்பாடு சாப்பிடுகிற பையன் யார் என்று தட்டை நீட்டும்போதே கண்டுபிடித்துவிடுவேன். இருந்தாலும், கறி, மீன் சமைப்பதையெல்லாம் எழுதி அனுப்பு என்று கேட்டுவிட்டாய். எனக்குப் போனில் டைப் அடிக்க வராது. நோட்டில் எழுதுகிறேன், உன் அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். அவர் போட்டோவில் பாதி அவர் கட்டைவிரல்தான் இருக்கும், பார்த்துப் படி.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். போன வைகாசியில் நீ ஸ்ரீபெரும்புதூரில் வீடு எடுத்தபோதே எனக்கு மனசில் ஏதோ உறுத்தியது. உன் கம்பெனி இருப்பது வல்லம் வடகாலில். கம்பெனி பஸ் நம் சேரப்பணஞ்சேரித் தெருமுனையிலேயே வந்து நிற்கிறது. அப்படி இருக்க, "ஷிப்ட் ஒத்து வரலைம்மா, பக்கத்துலயே ரூம் பாத்துகினேன்" என்றாய். பக்கத்தில் என்றால் அங்கே எத்தனையோ ரூம் இருக்கிறது, ஸ்ரீபெரும்புதூர் எதற்கு? நான் இதைக் கேட்டபோது உன் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வுடும்மா, வயசுப் புள்ள. இன்னாத்துக்கு நோண்டிகினே இருக்க?" என்றார். நோண்டாமல் விட்டேன். விட்டது தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

சரி, நெத்திலி. கடற்கரை ஊர்க்காரர்கள் வாங்குகிற மாதிரி நாம் வாங்க முடியாது, நமக்கு வருவதெல்லாம் ஐஸில் ஒரு ராத்திரி தூங்கிவிட்டுத்தான் வரும். அதனால் மீன்காரம்மா பேசும்போது அவள் வாயைப் பார்க்காதே, மீனைப் பார். செவுளைத் தூக்கிக் காட்டி "ரத்தம் பாரு" என்பார்கள். அதற்கு மயங்காதே. வயிற்றை அழுத்திப் பார், குழி விழுந்து அப்படியே நின்றால் பழசு. கண் வெளியே முழித்துக்கொண்டிருக்க வேண்டும், உள்ளே போயிருக்கக் கூடாது. நெத்திலி சின்ன மீன் என்பதால் முறுக்கிப் பார்த்தால் போதும், உடைந்து கையோடு வந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்டு. வாங்கியதும் தலையைக் கிள்ளி இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கல் உப்புப் போட்டு மூன்று தண்ணீர் அலசு. மிளகாய்த் தூள், மஞ்சள், உப்பு, ஒரு ஸ்பூன் அரிசி மாவு, அவ்வளவுதான். அரை மணி நேரம் ஊறவிட்டு, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு போடு. போட்டதும் கிளறாதே. ஒரு பக்கம் மொறுமொறுத்து அதுவே சட்டியை விட்டுவிடும்.

நெத்திலியைப் பற்றி நீ எப்போது கேட்டாய் தெரியுமா? புரட்டாசியில், அதுவும் சனிக்கிழமை காலையில். நம் வீட்டில் புரட்டாசி முழுக்க முட்டை கூட உடைக்க மாட்டோம் என்று உனக்குத் தெரியாதா? சின்ன வயசில் நீயே கையில் சொம்பை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகக் கோவிந்தா போட்டவன். அன்றைக்கு நான் பூஜைக்குத் துளசி கிள்ளிக்கொண்டிருந்தேன். "அம்மா, நெத்திலிக்குத் தலைய எடுக்கணுமா?" என்று நீ கேட்டதும் துளசி கையிலேயே நின்றது. "இன்னா மாசம்டா இது?" என்றேன். "தெரிஞ்சிக்கத்தாம்மா கேட்டேன், சாப்பிட இல்ல" என்றாய். சாப்பிடாதவனுக்குத் தலை இருந்தால் என்ன, போனால் என்ன? அந்த வீட்டில் புரட்டாசி இல்லாத யாரோ இருக்கிறார்கள் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ரூமைப் பங்கு போட யாராவது பையன் வந்து சேர்ந்திருப்பான் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

கோழி பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. உன் கண் முன்னால் அறுத்து உரிக்கச் சொல். ஏற்கெனவே வெட்டித் தட்டில் குவித்து வைத்திருப்பதை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதே. கேன்டீனில் புதன்கிழமை கோழி. மற்றவர்கள் கழுவியதை நான் இன்னொரு முறை மஞ்சள் போட்டுக் கழுவுவேன், சூப்பர்வைசர் "தண்ணி இன்னா உன் வூட்டுதா?" என்று கத்துவார். அவர் கத்தட்டும், நான் இருந்த வரை அங்கே ஒருவருக்கும் வயிறு கெடவில்லை. சமைக்கும்போது தண்ணீர் ஊற்றாதே, கோழியே தண்ணீர் விடும். வெங்காயம், தக்காளி, இஞ்சி பூண்டு வதங்கியதும் கோழியைப் போட்டு மூடிவிடு. கடைசியில் மிளகும் சோம்பும் பொடித்துத் தூவி இறக்கு.

ஆட்டுக்கறிக்குக் காலையில் ஏழு மணிக்குள் போய்விட வேண்டும். கடைக்காரர் சிரித்துக்கொண்டே எடை போட்டால் தராசைப் பார், சிரிக்காமல் போட்டால் கறியைப் பார். தொடையில் பாதி, நெஞ்செலும்பில் பாதி என்று கேட்டு வாங்கு. கொழுப்பைத் தனியாகக் காட்டச் சொல், மஞ்சளாக இருந்தால் கிழட்டு ஆடு, வேகவே வேகாது. மஞ்சள், உப்பு, சின்ன வெங்காயம் போட்டுக் குக்கரில் ஐந்து விசில். பிறகு சட்டியில் நல்லெண்ணெய் விட்டு, கறிவேப்பிலை தாளித்து, வெந்த கறியை அந்தத் தண்ணீரோடு கொட்டி, மிளகுத் தூள் போட்டுச் சுண்டவிடு. மசாலா பாக்கெட் எதுவும் வேண்டாம். அந்தப் பாக்கெட்டில் என்ன அரைத்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இறாலுக்கு முதுகைக் கீறி அந்தக் கறுப்பு நூலைக் கட்டாயம் எடுத்துவிடு. மஞ்சளும் உப்பும் பிசறி, வெங்காயம் தக்காளி வதங்கிய பிறகு போட்டு ஐந்து நிமிஷம். சுருண்டதும் இறக்கிவிடு, அதற்கு மேல் விட்டால் ரப்பர். கூட நாலு துண்டு கத்தரிக்காய் போட்டால் குழம்பு பெருகும்.

இப்படியெல்லாம் சந்தேகப்பட்டு வாங்கச் சொல்கிறேனே, என் சந்தேகம் எப்போதும் சரியாக இருந்ததா என்றால், இல்லை. நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு கிலோ வவ்வால் மீன் வாங்கி வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? படப்பையில் வாங்கியது, கையில் எடுத்தால் கண்ணாடி மாதிரி மின்னியது. வீட்டுக்கு வந்து அறுக்க உட்கார்ந்தால் ஒரு நாற்றம். மீனை முகர்ந்தேன், இல்லை. வைத்தேன், நாற்றம். எடுத்தேன், இல்லை. அந்த மீன்காரம்மா ஏமாற்றிவிட்டாள் என்று மொத்தத்தையும் கொண்டு போய்ப் பூனைகளுக்குக் கொட்டிவிட்டு வந்து பார்த்தால், நாற்றம் அப்படியே இருக்கிறது. கதவுக்குப் பின்னால் உன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்து கழற்றிப் போட்ட சேஃப்டி ஷூ! ஒரு வருஷம் அந்த மனுஷர் மீன் சாப்பிட உட்காரும்போதெல்லாம், "இரும்மா, ஷூவ வெளிய வெச்சிட்டு வரேன்" என்று சொல்லிக் காட்டினார். அந்த மீன்காரம்மாவிடம் நான் அதற்கப்புறம் வாங்கவே இல்லை. அவள் மேல் தப்பில்லை என்று தெரிந்த பிறகும் போய்ப் பேச எனக்கு முகம் இல்லை. என் குணம் அது. சந்தேகப்படத் தெரிகிறது, தப்பு என்று தெரிந்தால் திரும்பிப் போய்ச் சொல்லத் தெரியவில்லை.

ஐப்பசியில் நீ கேட்டதற்கு வருகிறேன். "அம்மா, சாளைக்குச் செதில் சீவணுமா?" என்றாய். இருபத்தாறு வருஷம் என் கையால் கவலை மீன் குழம்பு சாப்பிட்ட வாய் அது. நம் பக்கம் எந்தக் கூடையிலும் சாளை என்று ஒரு மீன் வந்ததில்லை. கவலை என்போம், கொஞ்சம் நாகரிகமாகப் பேசுகிறவர்கள் மத்தி என்பார்கள். சாளை என்பது தூத்துக்குடிப் பக்கம். அந்தச் சொல் உன் நாக்கில் தானாக வந்து உட்காராது. உன் பக்கத்தில் நின்று யாரோ சொல்ல, அதை வாங்கி நீ எனக்குச் சொல்கிறாய் என்று புரிந்தது. உனக்கு அது சாளையாகிவிட்டது, எனக்கு அது கவலையாகவே இருக்கிறது.

யார் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. முந்தின வருஷ ஆடியில் நம் தெரு அம்மனுக்குக் கூழ் ஊற்றியபோது கம்பெனியில் உன் லைனில் கூட வேலை செய்கிற ஐந்து பேரைக் கூட்டி வந்தாயே, அதில் அந்தப் பெண் ஒருத்தி. சகாயராணி. பெயரைக் கேட்டதும் மற்றதெல்லாம் புரிந்துகொண்டேன், அதற்காக ஒன்றும் நினைக்கவில்லை, நம் ஊரிலேயே கோயிலும் சர்ச்சும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. கூழுக்குக் கருவாட்டுக் குழம்பு, அது முடிந்து சோற்றுக்குக் கவலைக் குழம்பு. எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அவள் மட்டும் ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டே, "எங்க ஊர்ல சாளைக்குத் தேங்கா அரைச்சு ஊத்துவோம் ஆன்ட்டி. அதுவும் நல்லா இருக்கும்லா" என்றாள். குற்றம் சொல்லவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். எனக்கோ ஐந்து பேர் முன்னால் என் குழம்பைக் குறை சொல்கிறாள் என்று பட்டுவிட்டது. "நல்ல மீனுக்கு இன்னாத்துக்கும்மா தேங்கா? நாறுன மீனுக்குத்தான் நாத்தம் தெரியாம இருக்கத் தேங்கா அரைச்சி ஊத்துவாங்க" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குப் போகவில்லை. அப்புறம் எழுந்து கையைக் கழுவிவிட்டாள். அவர்கள் போன பிறகு உன்னிடம், "மீன் திங்கத் தெரியாத பொண்ணு, பாதியிலயே எழுந்துட்டா பாரு" என்று வேறு சொன்னேன். பின்னால்தான் யாரோ பேச்சுவாக்கில் சொன்னார்கள், அவள் அப்பா கடலுக்குப் போகிறவர் என்று. படகிலிருந்து இறங்கிய மீனைச் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணிடம், ஐஸ் மீன் வாங்குகிற நான், உங்கள் மீன் நாறும் என்று சொல்லியிருக்கிறேன்.

அதைத் தெரிந்துகொண்டும் நான் வாயைத் திறக்கவில்லை. பதிலுக்கு உன்னையே சந்தேகப்பட்டேன். தை மாசத்தில் சொல்லாமல் கொள்ளாமல் உன் வீட்டுக்கு வந்தேனே, பார்க்கிற ஆசையில் வந்தேன் என்று சொன்னது பாதிப் பொய். பிடிக்கத்தான் வந்தேன். கதவைத் தட்டி நான் நின்ற நேரத்தில் ஒரு சட்டி சோறு பொங்கியிருக்கலாம். திறந்தபோது உனக்கு வேர்த்துக் கொட்டியது. உள்ளே வந்ததும் நான் சாமி படத்தைக் கூடப் பார்க்கவில்லை, நேராக அடுப்படிக்குத்தான் போனேன். மண் சட்டியில் குழம்பு, கை வைத்தால் சுட்டது. மூலையில் ஒரு தேங்காய்த் துருவி, உட்கார்ந்து துருவுகிற மாதிரி. தனியாக இருக்கிற பையன் எவன் தேங்காய்த் துருவி வாங்குவான்? "யாருடா குழம்பு வெச்சது?" என்றேன். "நான்தாம்மா" என்றாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன், நீ மீன் குழம்பில் மறைக்கப் பார்த்தாய். நீ டீ போட்டாலே பால் பொங்கி அடுப்பு அணைந்துவிடும். அந்தக் குழம்பில் தேங்காய் வெண்ணெய் மாதிரி அரைந்திருந்தது, புளி அளவாக இருந்தது, மாங்காய் குழையாமல் இருந்தது. நான் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டேன். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி காய வைத்திருக்கிறாயா பார்க்கிறேன் என்று மாடிக்குக் கிளம்பினேன். நீ படியை மறித்து நின்று, "மேல டேங்க் வேல நடக்குதும்மா, போவாத" என்றாய். டேங்க் வேலை நடந்தால் சத்தம் கேட்காதா? கேட்கவில்லை. அவள் மேலேதான் நிற்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். உச்சி வெயில். ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, மோர் வரைக்கும் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். வெயில் தாங்காமல் அவளே இறங்கி வரட்டும் என்று பார்த்தேன். அவள் வரவில்லை.

போன வாரம் நானே கவலை வாங்கி வந்து தேங்காய் அரைத்து ஊற்றிப் பார்த்தேன். உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து, "இன்னாம்மா இது, புச்சா கீது? நல்லாத்தான் கீது, இன்னும் ரெண்டு துண்டு போடு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

இதுவரைக்கும் சனிக்கிழமை எழுதியது. இங்கே நிறுத்தி, கவலைக் குழம்பு வைக்கும் முறையை எழுதிக் கடிதத்தை முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ மறுபடியும் போன் செய்தாய். குரல் தெம்பாக இல்லை, தூங்காத குரல். "அம்மா, பால் சுறா புட்டு எப்பிடிச் செய்றது?" என்றாய்.

"யாருக்குடா?" என்றேன்.

"எனக்குத்தாம்மா. சும்மா ஒரு ஆச."

"ஒனக்கா?"

"லைன்ல கூப்புடறாங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை உனக்கு வார லீவு. எந்த லைனில் கூப்பிட்டார்கள்?

அடே, ஆசைப்பட்டுப் பால் சுறா புட்டு சாப்பிடுகிற ஆம்பிளைகள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விடிந்ததும் விடியாததுமாக அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்கிற ஆசை அது இல்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று கொடுப்பது அது. நீ பிறந்தபோது நாற்பது நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள் எனக்குச் செய்து போட்டார்கள். அதைத் தின்றுதான் உனக்குப் பால் கொடுத்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வைகாசியிலிருந்து இந்த மாசி வரைக்கும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கொண்டே வந்தவள் தை மாசத்தில் நின்றுவிட்டேன். அன்றைக்கு அவளுக்கு எட்டு மாசம் இருந்திருக்கும், இல்லையா? வயிற்றில் பிள்ளையோடு அந்த வெயிலில் அவளை நிற்க வைத்துவிட்டு, அவள் வைத்த குழம்பையே நான் மூன்று முறை போட்டுச் சாப்பிட்டேன். மாடியில் போய் ஒளியச் சொன்னது நீயா, அவளே போனாளா என்று தெரியவில்லை. யார் சொல்லியிருந்தாலும் காரணம் நான்தான். ஆடி மாசத்தில் சொன்ன ஒரு சொல்லுக்கு, பேரனோ பேத்தியோ வருகிற சேதி கூட எனக்கு வராமல் போய்விட்டது. உன் மேல் எனக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பெற்றவளிடம் கல்யாணத்தையே மறைத்தாய், அதை நேரில் பேசிக்கொள்கிறேன், உன் அப்பாவும் பேசுவார். ஆனால் அவளிடம் பேச வேண்டியது வேறு.

இந்தக் கடிதத்தை நீ தனியாகப் படிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இத்தனை மாசமாக எந்தச் சொல் உன்னுடையது, எது அவளுடையது என்று பிரித்துப் பார்த்தவள் நான். அதனால் அவளுக்கே சொல்கிறேன், நீ போனை அவளிடம் கொடு. அம்மா ராணி, நான் சொன்னது தப்பு. உன் குழம்பு என் குழம்பை விட நன்றாக இருந்தது. நாறுகிற மீன் உன் வீட்டில் இருக்கவில்லை, என் வாயில்தான் இருந்தது. கை கழுவிவிட்டு எழுந்து போனாயே, அப்போதே உன் பின்னால் வந்து இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மகனே, பால் சுறா புட்டு எப்படிச் செய்வது என்று இதில் எழுத மாட்டேன். வெந்நீரில் போட்டு, அந்த மணல் தோலைச் சுரண்டி எடுத்து, முள்ளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து நீக்கி, பூண்டை வழக்கத்தை விட நாலு மடங்கு போட்டு, காரம் எவ்வளவு என்று பிள்ளை பெற்றவள் உடம்பைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். எழுதி வாங்கிக்கொண்டு செய்கிற சமையல் அது இல்லை. பக்கத்தில் ஒரு பொம்பளை இருக்க வேண்டும். அவள் அம்மா தூத்துக்குடியிலிருந்து வந்திருக்கிறார்களா, இல்லை அவர்களிடமும் மறைத்துவிட்டாயா? நீ என்னிடம் கேட்டதை வைத்துப் பார்த்தால், அங்கே ஒருவரும் இல்லை என்றுதான் படுகிறது.

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் படப்பைக்குப் போய்விட்டு, திரும்பி ஒரகடம் வந்து, அங்கே மாறி, எட்டரை மணிக்கு உன் வீட்டு வாசலில் நிற்பேன். இந்த முறை சொல்லிவிட்டே வருகிறேன். யாரும் எங்கேயும் போக வேண்டாம். உன் அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, போட்டோ எடுக்கும்போது அவரே படித்துக்கொள்ளட்டும். படப்பைக்குப் போவது மீன் வாங்க. சுறா வாங்குவதா, இல்லை அவளுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றால் உடம்புத் தெம்புக்கு விரால் வாங்குவதா என்று எனக்குத் தெரிய வேண்டும். லைனில் கூப்பிட்டார்கள், டேங்க் வேலை நடக்கிறது என்றெல்லாம் சொல்லாமல், ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையாகப் பதில் சொல்லடா. பிறந்துவிட்டதா?